புது எலக்ட்ரிக் கிட்டார் கைக்கு வரவில்லையா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

புது எலக்ட்ரிக் கிட்டாரைப் பற்றி முதல் மாதத்தில் வரும் புகார்களில் பல, கிட்டாரைப் பற்றியவையே அல்ல. கடைச் சுவரில் தொங்கும் கிட்டார் யாருடைய கைக்கும் சீர் செய்யப்பட்டிருக்காது. வீட்டுக்கு வந்த பிறகுதான் உங்கள் விரல், உங்கள் வீட்டுக் கரண்ட், ராயபுரம் காசிமேடு பக்கத்து உப்புக் காற்று எல்லாவற்றுக்கும் அது முகம் கொடுக்கிறது. ஆகவே சத்தம் எந்த இடத்தில் கெடுகிறது என்று கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. கம்பியின் அசைவை மின் சிக்னலாக்கும் பிக்கப்பை மாற்றலாமா என்ற கேள்வியை மூன்று மாதம் தள்ளி வையுங்கள்.

எந்தத் திருகாணியையும் தொடும் முன் இவற்றைச் செய்துவிடுங்கள். புதுக் கம்பிகள் போடுங்கள். கடையில் பத்து பேர் தடவிப் பார்த்த கம்பியை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. டியூன் செய்து, ஆம்ப், அதாவது ஆம்ப்ளிஃபயர், இல்லாமல் பத்து நிமிடம் வாசியுங்கள். அப்புறம், காலால் அழுத்திச் சத்தத்தை மாற்றும் பெடல் எதுவும் நடுவில் இல்லாமல் நேராக ஆம்பில் செருகி, கிட்டாரின் வால்யூம், டோன் இரண்டையும் முழுக்கத் திறந்து, ஆம்பின் பேஸ், மிட், ட்ரெபிள் மூன்றையும் நடுவில் வைத்துக் கேளுங்கள். வெறும் கிட்டாரிலேயே குறை தெரிந்தால் அது கம்பி, மரம், கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகப் பட்டைகள் சம்பந்தப்பட்டது. செருகிய பிறகுதான் தெரிகிறது என்றால் அது மின்சாரம் சம்பந்தப்பட்டது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றும் முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பழைய நிலைக்குத் திரும்ப வேண்டிவரும்.

கம்பியைத் தொட்டால் ஷாக் அடிக்கிறது, அல்லது விறுவிறு என்கிறது

இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும், மற்றதெல்லாம் காத்திருக்கலாம். வாசிப்பதை நிறுத்தி, ஆம்ப் பிளக்கைப் பிடுங்குங்கள். கிட்டாரின் கம்பிகள், உடலில் அவை மாட்டியிருக்கும் பிரிட்ஜ் வழியாக, கேபிள் வழியாக, ஆம்பின் உலோகச் சட்டத்தோடு இணைந்தவை. அந்தச் சட்டம் வீட்டின் எர்த்தோடு சேர்ந்திருக்க வேண்டும். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கம் பழைய வீடுகளில் மூன்று பின் சாக்கெட் இருக்கும், உள்ளே எர்த் ஒயர் மட்டும் எங்கேயும் போய்ச் சேராது. அப்படிப்பட்ட சாக்கெட்டில் ஆம்பில் கசிகிற கரண்ட் உங்கள் விரலைத்தான் தேடி வரும். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்றும் போட்டுவிடச் சொல்லுங்கள். அது வீட்டுக்கே நல்லது. இரைச்சல் குறைகிறது என்று பிளக்கின் எர்த் பின்னை உடைத்துவிட்டு வாசிப்பவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

மேடையில் இது இன்னும் மோசமாகும். தெருத் திருவிழாவில் மைக் செட் ஒரு இணைப்பிலும் உங்கள் ஆம்ப் வேறொரு வீட்டு இணைப்பிலும் ஓடினால், கையில் கம்பியோடு உதடு மைக்கில் படும் நேரத்தில் பொறி பறக்கலாம். இரண்டையும் ஒரே போர்டிலிருந்து எடுக்கச் சொல்லிக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

லேப்டாப்பில் செருகி வாசிக்கும்போது மட்டும் மெலிதாக விறுவிறு என்றால், அது பெரும்பாலும் இரண்டு பின் சார்ஜரின் வேலை. சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். விறுவிறுப்போடு இரைச்சலும் சேர்ந்து போய்விடும்.

"ஊம்ம்" என்று இரைகிறது

கையைக் கம்பியில் வையுங்கள். இரைச்சல் குறைந்தால் கிட்டாரின் உள் ஒயரிங் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். குறையாவிட்டால் பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயர் விட்டுப் போயிருக்கலாம். அதிகமானால் கேபிள் முனையிலோ ஜாக்கிலோ இரண்டு ஒயரும் மாறிப்போயிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புதுக் கிட்டாரில் இவை இரண்டுமே கடைக்காரர் வேலை, உங்கள் வேலை அல்ல.

குறைந்தும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறதா? உங்கள் கிட்டாரில் இருப்பது சிங்கிள் காயில் பிக்கப் என்றால் அது பிறவிக் குணம். காந்தத்தைச் சுற்றிய ஒற்றைக் கம்பிச் சுருள், கிட்டார் கம்பியின் அசைவை மட்டுமா பிடிக்கும்? சுவருக்குள் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்டையும் சேர்த்துத்தான் பிடிக்கும். 1955-இல் கிப்சன் நிறுவனத்தில் சேத் லவர் இரண்டு சுருள்களை எதிரெதிராக இணைத்து இந்த இரைச்சலை ஒன்றோடொன்று கழித்துக்கொள்ள வைத்தார். ஹம்பக்கர் என்ற பெயர் அதனால் வந்ததே. மூன்று சிங்கிள் காயில் உள்ள கிட்டாரில் பிக்கப்பைத் தேர்ந்தெடுக்கும் செலக்டரை இரண்டாவது, நான்காவது இடத்தில் வைத்துப் பாருங்கள். நடு பிக்கப்பை எதிர்ச் சுற்றாகப் போட்டிருந்தால் அங்கே இரைச்சல் சட்டென்று அடங்கும். அப்படி அடங்கினால் கிட்டாரில் கோளாறு இல்லை என்று நிம்மதியாக இருக்கலாம்.

இரைச்சலில் "ஜ்ர்ர்" என்ற முள் சத்தம் கலந்திருந்தால் குற்றவாளி அறைக்குள் இருக்கிறார். ஹவுசிங் போர்டு வீட்டின் ஒற்றை அறையில் ஃபேன், டிவி, ஃப்ரிட்ஜ், எல்.இ.டி. டியூப்லைட் எல்லாம் கிட்டாருக்கு ஆறடிக்குள்தான் இருக்கும். ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். படி படியாக நிற்காமல் வழுக்கிக்கொண்டு சுற்றும் பழைய டிம்மர் வகை ஃபேன் ரெகுலேட்டர்தான் என் முதல் சந்தேகம். ஐந்து படி உள்ள கெப்பாசிட்டர் வகைக்கு மாற்றினால் அந்த முள் போய்விடும். கரண்ட் போன நேரத்தில் மட்டும் கத்தினால் இன்வர்ட்டரைப் பாருங்கள்: சதுர அலை இன்வர்ட்டர் கிட்டாருக்கு ஆகாது, சைன் அலை இன்வர்ட்டர் பரவாயில்லை. கடைசியாக, உட்கார்ந்த இடத்திலேயே மெல்லத் திரும்பிப் பாருங்கள். ஏதோ ஒரு திசையில் இரைச்சல் பாதியாகும். அந்தப் பக்கம் பார்த்தே வாசியுங்கள், காசு செலவில்லை.

பெடல் போட்டால்தான் இரைகிறது என்றால் பெடலுக்கு 9 வோல்ட் பேட்டரி போட்டுப் பாருங்கள். பேட்டரியில் அமைதி என்றால் அடாப்டரை மாற்றினால் போதும், பெடலை அல்ல.

கம்பி ஃப்ரெட்டில் மோதி "கிர்ர்" என்கிறது

ஆம்ப் வழியாகக் கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். வெறுமனே வாசிக்கும்போது லேசாகக் கேட்டு, ஆம்பில் கேட்காவிட்டால் விட்டுவிடுங்கள். பல நல்ல வாசிப்பாளர்களின் கிட்டார் அப்படித்தான் இருக்கும்.

ஆம்பிலும் கேட்டால், எங்கே கிர்ர் என்கிறது என்பதே பாதிப் பதில். அழுத்தாத கம்பி மட்டும் என்றால் கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகளைத் தாங்கும் நட் என்ற சிறு பட்டையில் உள்ள வெட்டு ஆழமாகிவிட்டது. முதல் ஐந்து ஃப்ரெட் வரை மட்டும் என்றால் கழுத்து அளவுக்கு மீறி நேராக, அல்லது பின்பக்கமாக வளைந்து இருக்கிறது. பன்னிரண்டுக்கு மேல் மட்டும் என்றால், பிரிட்ஜில் கம்பியைத் தாங்கும் சேடில் தாழ்வு. ஒரே ஒரு ஃப்ரெட்டில் மட்டும் என்றால் அதற்கு அடுத்த ஃப்ரெட் உயர்ந்து நிற்கிறது. அதைத் தட்டிச் சரிசெய்ய ஆள் வேண்டும், நீங்கள் அரம் எடுக்காதீர்கள்.

கழுத்தை அளப்பது சுலபம். முதல் ஃப்ரெட்டில், கம்பிகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ என்ற கிளிப்பைப் போட்டு, ஆறாவது, அதாவது மிகத் தடித்த கம்பியைக் கடைசி ஃப்ரெட்டில் அழுத்திப் பிடியுங்கள். கம்பி இப்போது அளவுகோல் ஆகிவிட்டது. எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே இடைவெளி சுமார் 0.25 மி.மீ. இருக்கலாம். ஃபில்லர் கேஜ் எந்த பைக் மெக்கானிக்கிடமும் இருக்கும், இல்லையென்றால் கொஞ்சம் தடித்த விசிட்டிங் கார்டு நுழைகிறதா என்று பாருங்கள். இடைவெளியே இல்லாவிட்டால், கழுத்துக்குள் இருந்து அதன் வளைவைக் கட்டுப்படுத்தும் ட்ரஸ் ராடைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். அதிகம் இருந்தால் வலப்பக்கம் திருகி இறுக்க வேண்டும். ஒரு தடவைக்குக் கால் சுற்றுக்கு மேல் வேண்டாம். திருகியதும் திரும்ப டியூன் செய்து, ஒரு இரவு விட்டு மறுபடி அளவு பாருங்கள். மரம் நிதானமாகத்தான் நகரும். ஆலன் கீ சரியான அளவில் இருக்க வேண்டும். அமெரிக்கக் கிட்டார்களில் அங்குல அளவும், ஆசியாவில் செய்தவற்றில் பெரும்பாலும் மில்லிமீட்டர் அளவும் இருக்கும். ஏறக்குறைய பொருந்தும் கீயைப் போட்டால் ஓட்டை உருண்டையாகி, அதற்கப்புறம் யாராலும் திருக முடியாது.

கழுத்து முடிந்த பிறகுதான் சேடில். பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கும் கம்பிக்கும் இடையே உயரம் ஆறாவது கம்பிக்கு 2 மி.மீ., முதல் கம்பிக்கு 1.5 மி.மீ. என்று தொடங்குங்கள். இந்த வரிசையை மாற்றினால் இரண்டு வேலையையும் இரண்டு தடவை செய்ய வேண்டிவரும்.

கானா பாடகர்களோடு வாசிக்கும் தம்பிகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. பாடுகிறவர் தன் குரலுக்கு வசதியான இடத்தில் எடுப்பார், நீங்கள் கிட்டாரை அரை ஸ்வரம், ஒரு ஸ்வரம் இறக்கி டியூன் செய்வீர்கள். கம்பி தளர்ந்துபோகும், கிர்ர் சத்தம் வரும், உடனே கிட்டாரைத் திட்டுவீர்கள். எப்போதும் இறக்கித்தான் வாசிக்கப் போகிறீர்கள் என்றால் 9-42 செட்டை விட்டு சற்றுத் தடித்த 10-46 போடுங்கள், அப்புறம் கழுத்தை அளங்கள். இந்த எண்கள் மிக மெல்லிய, மிகத் தடித்த கம்பிகளின் பருமன், அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில். அவ்வப்போதுதான் இறக்குகிறீர்கள் என்றால் கிட்டாரை அப்படியே விட்டு, கொஞ்சம் மெதுவாக அடியுங்கள்.

மேல் ஃப்ரெட்டில் கம்பியை இழுத்தால் சத்தம் செத்துப் போகிறது

கிர்ர் கூட இல்லை, இழுக்க இழுக்க ஸ்வரம் அப்படியே அடைத்துக்கொள்ளும். கமகத்துக்காக இரண்டு ஸ்வரம் தாண்டி இழுப்பவர்களுக்கு இது சீக்கிரம் தெரியும். ஃப்ரெட் பலகையின் வளைவுதான் காரணம். பழைய ஃபெண்டர் வகையில் வளைவு ஆரம் 7.25 அங்குலம், அதாவது நன்றாகவே வளைந்திருக்கும். ஓரத்திலிருந்து நடுவுக்கு இழுக்கும்போது கம்பி மேட்டில் ஏறி அடுத்த ஃப்ரெட்டில் உரசிவிடும். முதல் இரண்டு கம்பிகளின் சேடிலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். 9.5, 12 அங்குல வளைவில் இந்தத் தொல்லை குறைவு. இன்னும் கிட்டார் வாங்காதவர், இழுத்து வாசிக்கும் ஆசை உள்ளவர் என்றால் இந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

இழுக்கும்போது சத்தம் சரி, ஆனால் மணலில் தேய்ப்பதுபோல் இருக்கிறது என்றால் ஃப்ரெட்டுகள் மெருகேற்றப்படவில்லை. பலகையை மாஸ்கிங் டேப்பால் மூடி, மிக மெல்லிய 0000 ஸ்டீல் வுல், அதாவது இரும்பு நார், கொண்டு ஃப்ரெட்டுகளை மட்டும் தேய்க்கலாம். பிக்கப்பையும் டேப்பால் மூட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் இரும்புத் தூள் முழுக்கக் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்.

டியூன் நிற்கவே மாட்டேன் என்கிறது

ட்யூனர் சாவியை எல்லாரும் குறை சொல்வார்கள். அது கடைசிச் சந்தேகமாக இருக்கட்டும். புதுக் கம்பி நீளும். ஒவ்வொன்றையும் மெல்ல மேலே இழுத்துவிட்டு, மறுபடி டியூன் செய்து, இறங்குவது நிற்கும்வரை செய்யுங்கள். ட்யூனர் கம்பத்தில் இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் வேண்டாம்.

அதற்கப்புறமும் இறங்கினால் ஒரு சோதனை. கம்பியை நன்றாக இழுத்து வாசியுங்கள். ஸ்வரம் இறங்கிவிட்டதா? இப்போது நட்டுக்கும் ட்யூனருக்கும் நடுவில் அதே கம்பியை விரலால் அழுத்தி விடுங்கள். ஸ்வரம் திரும்ப ஏறி வந்துவிட்டால், கம்பி நட்டில் மாட்டிக்கொள்கிறது. டியூன் செய்யும்போது "டிங்" என்று கேட்பதும் அதேதான். கம்பியை விலக்கி, வெட்டுக்குள் பென்சில் முனையால் நன்றாகக் கறுப்பேற்றுங்கள். ஐந்து ரூபாய் வைத்தியம், பல நேரம் இது போதும்.

பிரிட்ஜை ஆட்டி ஸ்வரத்தை ஏற்றி இறக்கும் ட்ரெமலோ கம்பு உள்ள கிட்டார் என்றால் ஒரு கம்பியை டியூன் செய்ததும் மற்ற ஐந்தும் நகரும். கம்பிகள் ஒரு பக்கம், பின்னால் உள்ள ஸ்பிரிங்குகள் ஒரு பக்கம் இழுத்துச் சமநிலையில் நிற்கும் அமைப்பு அது. கம்பு உங்களுக்குத் தேவையே இல்லை என்றால், பின் மூடியைத் திறந்து ஸ்பிரிங் பிடித்திருக்கும் இரண்டு பெரிய திருகுகளை இறுக்குங்கள். பிரிட்ஜ் உடலோடு படிந்து உட்காரும். ஆரம்பக்காரர் எல்லாருக்கும் நான் இதையே சொல்வேன்.

முதல் ஃப்ரெட்டுகளில் கார்டு (பல ஸ்வரம் சேர்ந்த பிடி) சுருதி சேராமல் கசக்கிறது, மேலே போனால் சரி

நட் உயரம். மூன்றாவது ஃப்ரெட்டில் கம்பியை அழுத்திக்கொண்டு முதல் ஃப்ரெட்டின் மேலே பாருங்கள். மயிரிழை இடைவெளிதான் இருக்க வேண்டும். தாராளமாகத் தெரிந்தால் வெட்டை ஆழப்படுத்த வேண்டும், அதற்கென்று அரம் வைத்திருப்பவரிடம் கொடுங்கள்.

ஆனால் கோயில் பாடகர் குழுவில் வருஷக்கணக்காக அக்கூஸ்டிக் வாசித்துவிட்டு இப்போது எலக்ட்ரிக் எடுத்தவர் என்றால், முதலில் உங்கள் இடது கையைச் சந்தேகியுங்கள். அங்கே 12-53 கம்பி, மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்க வேண்டிய கட்டாயம். அந்தப் பிடியோடு 9-42 கம்பியை, உயரமாகத் துருத்திய ஃப்ரெட்டில் அழுத்தினால் கம்பி பலகை வரை போய், ஸ்வரம் ஏறிவிடும். ட்யூனரைப் பார்த்துக்கொண்டே மெல்ல அழுத்திப் பழகுங்கள். ஒரு வாரத்தில் கசப்பு போய்விட்டால் நட்டைத் தொடவே வேண்டாம்.

மேல் ஃப்ரெட்டுகளில் மட்டும் சுருதி விலகுகிறது

பன்னிரண்டாவது ஃப்ரெட்டுக்கு நேர் மேலே கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக் ஒன்று, அதே இடத்தில் அழுத்தி ஒன்று வாசித்து, ட்யூனரில் ஒப்பிடுங்கள். அழுத்தியது ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால். ஆறு கம்பிக்கும் தனித்தனியாக. ஆறாவது கம்பி மட்டும் எதற்கும் அடங்காமல், மேலே வாசித்தால் இரண்டு ஸ்வரம் சேர்ந்து ஆடுவதுபோல் கேட்டால் சேடிலை விடுங்கள். சிங்கிள் காயில் பிக்கப் கம்பிக்கு மிக அருகில் இருக்கிறது, காந்தம் கம்பியை இழுக்கிறது. கடைசி ஃப்ரெட்டை அழுத்திக்கொண்டு, ஆறாவது கம்பிக்கும் பிக்கப்புக்கும் 2.5 மி.மீ., முதல் கம்பிக்கு 2 மி.மீ. வரும்படி பிக்கப்பை இறக்கிப் பாருங்கள்.

சத்தம் கீச்சென்று இருக்கிறது, உடம்பே இல்லை

செலக்டர் பிரிட்ஜ் பக்கம் இருக்கிறதா? அங்கே கம்பி குறைவாகத்தான் அசையும், மேல் ஒலிகளே அதிகம் கேட்கும். டோனை ஆறுக்கு இறக்குங்கள், அல்லது கழுத்துப் பக்கப் பிக்கப்புக்கு வாருங்கள். அந்த இரண்டு குமிழ்களையும் பத்திலேயே வைத்துவிட்டு புது கிட்டார் பிடிக்கவில்லை என்று சொல்பவர்கள் அதிகம்.

இன்னொரு காரணம் பக்கத்து வீடு. சுவருக்குச் சுவர் ஒட்டிய தெருவில் ராத்திரி ஒன்பதுக்கு மேல் ஆம்பின் வால்யூமை ஒன்றில் வைத்துத்தான் வாசிக்க முடியும். சத்தம் குறைந்தால் நம் காது பேஸை மற்றதைவிட வேகமாக இழக்கும். அதனால் அந்த அளவில் கேட்டுச் செய்த டோனை மேடையில் போட்டால் பேஸ் குவிந்து கிடக்கும். ஒரே கிட்டாருக்கு வீட்டு டோன், மேடை டோன் என்று இரண்டு குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்டார்ஷன் பெடலை நேராக ஹெட்ஃபோனிலோ மிக்ஸரிலோ செருகினால் கொசுக் கூட்டமாகத்தான் கேட்கும். கிட்டார் ஸ்பீக்கர் மேல் ஒலிகளை வெட்டிவிடும். அது நடுவில் இல்லை. கிட்டார் ஸ்பீக்கரின் ஒலியைப் போலச் செய்யும் கேபினட் சிமுலேஷன் உள்ள ஆப் அல்லது பெடல் வழியாகப் போங்கள்.

மந்தமாக, போர்வை போர்த்தியதாக இருக்கிறது

நீளமான கேபிள். சாதாரண பிக்கப்பின் மெல்லிய சிக்னலில் மேல் ஒலியைக் கேபிள் தின்னும், நீளம் கூடக் கூட அதிகமாக. ஐந்தாறு மீட்டருக்குள் வையுங்கள்.

அல்லது கம்பி துருப்பிடித்துவிட்டது. கடலிலிருந்து நாலு தெரு தள்ளி இருப்பவர்களுக்குக் கம்பியின் ஆயுள் மற்றவர்கள் சொல்வதில் பாதி கூட இருக்காது. வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் கம்பியின் அடிப்பக்கத்தையும் சேர்த்துத் துடையுங்கள். கடல் பார்த்த ஜன்னல் பக்கச் சுவரில் மாட்டாமல், பைக்குள் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பூச்சுப் போட்ட கம்பிகள் விலை கூடுதல்தான், ஆனால் இந்தப் பக்கத்துக்குக் கணக்குப் போட்டால் அவையே லாபம்.

கரகர, விட்டு விட்டு வருகிறது

கேபிளை மாற்றுங்கள். பத்தில் எட்டு என்று சொல்ல ஆசைதான், எண்ணிப் பார்த்ததில்லை. அப்புறம் ஜாக்கின் வெளி நட் ஆடுகிறதா என்று பாருங்கள். இறுக்கும்போது உள்ளே ஜாக் சுழன்று ஒயரை முறுக்காமல் பிடித்துக்கொள்ளுங்கள். குமிழைத் திருகும்போது மட்டும் கரகர என்றால், ரிச்சி தெருவில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனரைக் கொஞ்சம் அடித்து, குமிழை இருபது தடவை இப்படியும் அப்படியும் திருகுங்கள். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம்.

ஆக்டிவ் பிக்கப் உள்ள கிட்டார் தேய்ந்துகொண்டே வந்து நின்றுபோனால், உள்ளே 9 வோல்ட் பேட்டரி முடிந்துவிட்டது. கேபிளைச் செருகியே வைத்திருந்தால் வாசிக்காமலே தீரும்.

அடித்த பிறகு சத்தம் தாமதமாக வருகிறது

ப்ளூடூத் ஹெட்ஃபோன். ஒயர் உள்ளதைப் போடுங்கள்.

எல்லாம் சரி, கைக்கு மட்டும் ஒட்டவில்லை

கம்பி இறுக்கமாகத் தோன்றினால் ஸ்கேல் நீளத்தை, அதாவது நட்டிலிருந்து சேடில் வரை உள்ள தூரத்தைப் பாருங்கள். 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகையில் 648 மி.மீ., 1952-இல் வந்த லெஸ் பால் வகையில் ஏறத்தாழ 628 மி.மீ. அதே செட் போட்டாலும் நீளமானதில் இழுவிசை கூடுதல். ஒரு அளவு மெல்லிய செட் போட்டால் வித்தியாசம் தீர்ந்துவிடும். போட்ட பிறகு கழுத்தை மறுபடி அளங்கள்.

ஃப்ரெட் முனை கையைக் கீறினால், மரம் காய்ந்து சுருங்கியதால் என்று படித்திருப்பீர்கள். அது வறண்ட ஊர் நோய். இங்கே பெரும்பாலும் தொழிற்சாலையில் அரம் சரியாகப் போடாததுதான், சரிசெய்து தரச் சொல்லிக் கடையில் உரிமையோடு கேளுங்கள்.

கழுத்தின் பருமன் மட்டும் திருகாணிக்கு அடங்காது. அரை மணி நேரம் வாசித்தால் கட்டைவிரல் அடியில் வலிக்கிறது, கிட்டாரைச் சற்று உயர்த்தி, கழுத்தை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்தும் வலி தொடர்கிறது என்றால், அந்தக் கழுத்து உங்கள் கைக்கானது அல்ல. மாற்றிக்கொள்ளும் கெடு முடியும் முன், பெட்டியும் பில்லும் கையில் இருக்கும்போதே போய் வேறு நாலு கழுத்தைப் பிடித்துப் பாருங்கள். ஆம்பில் செருகக் கூட வேண்டாம்.